ஒரு நாளைக்கு ஒரு கோட்டை

1984 ஒக்ரோபரில் என் கணவர் கனகசிங்கம் எங்கள் எல்லோரையும் ஒரே நாளில் ஒரு நீர்வீழ்ச்சிக்கும் ஒரு கோட்டைக்கும் ஒரு மலைக்கும் கூட்டிக்கொண்டு போனார். காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தார். பத்தேமுக்காலுக்குத்தான் கார் நாங்கள் குடியிருந்த அஜின்கோர்ட்டை விட்டு அசைந்தது. நயாகராவில் பிள்ளைகள் இருவரும் நன்றாக நனைந்தார்கள். ஹமில்ரன் கோட்டை வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். “மலையையாவது காட்டுறன்,” என்று அவர் காரை வடக்கே திருப்பினார். ஒறேஞ்ச்வில்லுக்குக் கிட்ட இருட்டிவிட்டது. சின்னவள் என் மடியில் சத்தியெடுத்தாள். மலை எங்கேயோ முன்னால் இருக்க, நாங்கள் அதைப் பார்க்காமலே வீடு திரும்பினோம்.

“இந்த நாட்டில பாக்க ஒண்டுமில்லை,” என்றார் கணவர், சப்பாத்தைக் கழற்றியபடி.

முழு நாளும் பின்சீற்றில் வாய் திறக்காமல் இருந்த அவருடைய அக்கா அப்போதுதான் பேசினார்.

“இருக்கு. உனக்குப் போகத் தெரியேல்லை.”

அவர்தான் இராசமணி, என் மச்சாள். அப்போது அவருக்கு நாற்பத்துநான்கு வயது. திருகோணமலையில் ஒரு உப தபால் கந்தோரில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “நேரம் கிடைக்கேல்லை,” என்பார், கேட்டவர் மறுபடி கேட்காதபடி. எண்பத்துமூன்றின் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கந்தோருக்குப் போய்வர முடியாமல் போயிற்று. அடுத்த மாசியில் எங்களிடம் வந்து சேர்ந்தார். வந்து மூன்றாம் கிழமை, ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் துணி வெளுக்கும் பகுதியில் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

தம்பி வீட்டில் இருக்கும் அக்கா என்றால் சமையலும் பிள்ளை பார்ப்பதும் அவர் தலையில்தான் என்று என் கணவர் நினைத்திருந்தார். அதை வெளிப்படையாகச் சொன்னதில்லை. மச்சாளும் வெளிப்படையாக மறுத்ததில்லை. ஆனால் அந்தப் பயணம் முடிந்த மறு கிழமையே அகஸ்ரின் அண்ணையிடம் கார் ஓட்டப் பழகத் தொடங்கினார்.

அகஸ்ரின் அண்ணை பகலில் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களுக்குக் கார் பழக்கியவர். மச்சாள் முதல் இரண்டு சோதனையிலும் தவறிவிட்டார். இரண்டாவது முறை, அளவுக்கு மிஞ்சி மெதுவாக ஓடினார் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

“போதும் அக்கா, இந்த வயசில உது தேவையோ?” என்றார் என் கணவர்.

“நீ ஒரே தரத்தில பாஸ் பண்ணினனி. பண்ணி எங்களை எங்க கொண்டுபோனனி?”

1985 ஆனியில் மூன்றாவது சோதனையில் லைசென்ஸ் கிடைத்தது. அகஸ்ரின் அண்ணையின் பழைய ஸ்டேஷன் வாகனையே வாங்கினார். மண்ணிறம், நீளம். பின்னால் வலப்பக்கக் கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம்.

அந்தக் கோடையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒன்ராறியோ வரைபடம் விரிந்தே கிடந்தது. மச்சாள் ஒரு பாடசாலைக் கொப்பி வைத்திருந்தார். தபால் கந்தோரில் பைகள் போகும் நேரமும் வரும் நேரமும் எழுதியவருடைய கை அது. ஹைவேயில் நூறு என்று பலகை நிற்கும், ஆனால் எங்களுக்கு எண்பது என்றே கணக்குப் பார்க்க வேண்டும் என்பார். நாலு பெண்கள் ஓரிடத்தில் இறங்கி, கழிவறைக்குப் போய், கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு திரும்ப ஏறப் பன்னிரண்டு நிமிடம். சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். கோட்டை எந்த நாளில் பூட்டு, கடைசி ஆளை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தானே ரெலிபோன் எடுத்துக் கேட்டார். அவருடைய இங்கிலிஷ் கந்தோர் இங்கிலிஷ். சுற்றி வளைக்காது. மறுமுனையில் இருப்பவர் ஒரு பதிலைச் சரியாகச் சொல்லும்வரை அதே கேள்வியை அதே குரலில் கேட்பார்.

“கலண்டரில இருக்கிற இலையுதிர்காலப் படத்தை நம்பக் கூடாது,” என்று எனக்குச் சொன்னார். “இலை வடக்கில முந்திச் சிவக்கும். இஞ்ச சிவக்கேக்க அங்க கொட்டியிருக்கும். எல்லாத்தையும் ஒரு நாளில பாக்க வெளிக்கிட்டா ஒண்டையும் பாக்கேலாது. ஒரு நாளைக்கு ஒரு கோட்டை. அவ்வளவுதான்.”

அந்த வருடம் ஒக்ரோபரில், ஒரு சனிக்கிழமை, ஹமில்ரனுக்குப் போனோம். மச்சாள், நான், அவருடன் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்த நாகேஸ்வரி, எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த புனிதவதி. புனிதவதி யாழ்ப்பாணம். கணவன் குவைத்தில். அதிகம் பேசமாட்டாள்.

பத்தரைக்குக் கோட்டை வாசலில் நின்றோம். அது கோட்டையே இல்லை, மதிலும் அகழியும் இல்லாத ஒரு பெரிய மாளிகை. நாகேஸ்வரிக்கு ஏமாற்றம். ஆனால் நிலத்துக்குக் கீழே வேலைக்காரர்களின் சமையலறைக்கு இறங்கியதும் அவள் நகர மறுத்துவிட்டாள். அடுப்பின் வாயைப் பார்த்து, “இதுக்க நிண்டு வெந்தவளவையின்ர பேரை எங்கயும் எழுதேல்லைப் போல,” என்றாள். பிறகு மலைக்குப் போனோம். ஹமில்ரன் ஆட்கள் நகரத்துக்குப் பின்னால் எழும்பி நிற்கும் நீண்ட மேட்டைத்தான் மலை என்கிறார்கள். காரில் நாலே நிமிடத்தில் ஏறிவிட்டோம். மேலே வீடுகள், பள்ளிக்கூடம், பஸ் தரிப்பு.

“இதுதானோ மலை?” என்றாள் நாகேஸ்வரி.

“பேர் வைச்சது அவங்கள். நான் ஏன் சண்டை பிடிப்பான்? இறங்கிப் பார்.”

இறங்கிப் பார்த்தோம். கீழே இரும்பாலைப் புகைபோக்கிகள், அதற்கப்பால் ஏரி, காலடியிலிருந்து சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். மச்சாள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் இருக்கு, ஆறுதலாப் பாருங்கோ,” என்றார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தோம். என் கணவர் பிள்ளைகளுக்குப் பாணும் ஜாமும் கொடுத்திருந்தார். முட்டைகூடப் பொரிக்கவில்லை.

மறு வருடம் வேறு மாதிரி இருந்தது. 1986 ஆவணியில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். முதலில் எல்லோரும் இரக்கப்பட்டார்கள். அவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதில் உண்மை சொல்லவில்லை என்று தெரியவந்ததும் பேச்சு மாறியது. ரேடியோவில் ரெலிபோன் எடுத்துத் திட்டினார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்துச் சீற் காலியாகவே இருந்தது. வேலையிடத்தில் ஒருத்தி என்னிடம், “நீயும் அப்படியா?” என்று கேட்டாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.

புரட்டாதியில் மேசையில் மறுபடியும் வரைபடம் விரிந்தது. இந்தமுறை கிழக்கே, சென் லோறன்ஸ் ஆற்றில், ஆயிரம் தீவுகளுக்கு நடுவே ஒரு கோட்டை. அது அமெரிக்க எல்லைக்குள் ஒரு தீவில் நின்றது. மச்சாளுடைய அகதிப் பத்திரம் இன்னும் முடிவாகவில்லை. எல்லை தாண்டினால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதற்கும் விசாரித்து வைத்திருந்தார். றொக்போட் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு படகு தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, அதில் இறக்காமலே திரும்பும்.

என் கணவர் வரைபடத்தின் மேல் கையை வைத்தார்.

“இந்த வருசம் வேண்டாம் அக்கா. சனம் எங்களை ஒருமாதிரிப் பாக்குது. கொஞ்சக் காலம் சத்தம் போடாம இருப்பம்.”

“எவ்வளவு காலம்?”

“கொஞ்சக் காலம்.”

“ஊரிலயும் இதைத்தான் சொன்னாங்கள். சத்தம் போடாம இருங்கோ எண்டு. இருந்தம். இருந்து என்ன கண்டம்?”

“அங்க சனம் சாகுது. இஞ்ச நீங்கள் கோட்டை பாக்கப் போறியள். ஆராவது கேட்டா நான் என்ன சொல்ல?”

மச்சாள் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டால் குரல் உயராது, இறங்கும்.

“கேக்கிறவனை என்னட்ட அனுப்பு. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ள குந்தியிருந்தா அங்க ஒரு உயிராவது மிஞ்சுமெண்டா சொல்லு, இப்பவே கார்த் திறப்பை உன்னட்டத் தாறன். எங்கட ஊர்க் கோட்டைக்குள்ள ஆமி இருக்கிறான். அதுக்க போக எனக்குப் பயம். இஞ்ச ஒரு கோட்டையை ரிக்கெட் எடுத்துப் பாக்கலாமெண்டா நான் பாப்பன். கையை எடு, கோடு கீறவேணும்.”

அவர் கையை எடுத்தார்.

ஆனால் புறப்படும் நாள் காலை, அக்காவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னார். ஆறேமுக்கால் இருக்கும். நான் புட்டுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“கோணேஸ், நீ போறேல்லை.”

எனக்குக் கலியாணமாகி அப்போது ஒன்பது வருடம். அந்தக் குரலில் அவர் ஏதாவது சொன்னால் நான் செய்துவிடுவேன். அது பயமில்லை, பழக்கம். வாசலில் மச்சாள் நின்றார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் குளிர்ச்சட்டையைக் கையில் எடுத்தேன்.

“கறி அடுப்பில இருக்கு,” என்றேன் என் கணவரிடம். “சின்னவளுக்கு உறைப்பில்லாதது சின்னச் சட்டியில. பத்து மணிக்குப் பெரியவனைக் குளிப்பாட்டுங்கோ.”

கீழே நாகேஸ்வரியும் புனிதவதியும் காத்துக்கொண்டிருந்தார்கள். காரில் ஏறியதும் மச்சாள் கொப்பியைப் பார்த்தார். “மூண்டு நிமிசம் பிந்தீட்டம்,” என்றார். அவ்வளவுதான்.

விடியும்போது ஒஷாவாவைக் கடந்தோம். ஒன்பதரைக்குக் கிட்ட, பெல்வில் பக்கத்தில், ஹைவேயை விட்டு இறங்கி ஒரு கோப்பிக் கடைக்குப் போனோம். கூட்டம் அதிகமில்லை. நாங்கள் நாலு பேரும் கோட்டும் தொப்பியும் கீழே சேலையுமாக வரிசையில் நின்றோம். யன்னலோர மேசையில் தடித்த ஒரு மனிதர், வேட்டைக்காரர் போடும் சிவப்புக் கட்டச் சட்டையுடன் இருந்தார். எங்களையே பார்த்தார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி இங்கிலிஷில் கேட்டார்.

“நீங்களும் அந்தப் படகில் வந்தவர்களா?”

கோப்பி ஊற்றிய பெண்ணின் கை நின்றது. நாகேஸ்வரி என் முழங்கையைப் பிடித்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். மச்சாள் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் இல்லை,” என்றார் தன் கந்தோர் இங்கிலிஷில். “எங்களுடைய படகு பன்னிரண்டரைக்கு.”

பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. மறுபடி வாயைத் திறந்தார். மச்சாள் விடவில்லை. “றொக்போட்டுக்கு ஹைவேயில் இன்னும் எத்தனை மைல்? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.” அந்த மனிதர் கோப்பையைக் கீழே வைத்து, “எழுபது, எழுபத்தைந்து,” என்றார். “நன்றி. நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்,” என்றார் மச்சாள். கோப்பிகளை வாங்கினார். வெளியே கொண்டுபோய்க் குடிப்போம் என்று நான் மெல்லச் சொன்னேன். அவர் கேளாததுபோல, நடுவிலிருந்த மேசையில் போய் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். அந்தக் கோப்பி என் தொண்டையைச் சுட்டது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

காரில் ஏறிய பிறகு நாகேஸ்வரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இன்னும் இல்லையாம்! அவன்ர முகத்தைப் பாத்தனீங்களே!” நானும் சிரித்தேன். புனிதவதி மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சத் தூரம் போனபின் சொன்னாள்.

“என்ர தம்பி அதிலதான் வந்தவன்.”

நாகேஸ்வரியின் சிரிப்பு நின்றது.

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப மொன்றியலில நிக்கிறான். பொய் சொன்னவை எண்டு எல்லாரும் பேசேக்க நான் என்னத்தைச் சொல்ல?”

மச்சாள் காரை ஓரமாக நிறுத்தினார். ஹைவேயோரத்தில் நிறுத்துவது அவருடைய திட்டத்தில் இல்லாதது. திரும்பிப் பின்சீற்றைப் பார்த்தார்.

“நான் பகிடியாக் கதைச்சது உனக்கு நொந்துதோ, புனிதம்?”

“இல்லை அக்கா. எனக்கு அப்பிடிச் சொல்லத் தெரியேல்லையே எண்டுதான்.”

“உன்ர தம்பி நீந்தி வந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பன். உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு வாறவன் வழி கேக்கிறவனுக்கெல்லாம் உண்மை சொல்லிக்கொண்டு வருவானோ? உன்ர தம்பி வந்திட்டான். அதைச் சொல்லு. சத்தமாச் சொல்லு.”

புனிதவதி சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தம்பியின் பெயர் மகேஸ்வரன் என்றாள். படகுக்குள் கால் நீட்ட இடமில்லாமல் இருந்ததாம். நாகேஸ்வரி கேள்வி கேட்கக் கேட்க, றொக்போட்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். இரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டரைக்குப் படகு. அதற்கு முன் கரையிலிருந்த மர மேசையில் சாப்பாட்டைத் திறந்தோம். புட்டு, கட்டைச் சம்பல், அவித்த முட்டை. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் மணம் பிடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூடியைப் பாதி மூடினேன். மச்சாள் அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். “மணக்கட்டும்,” என்றார்.

ஆற்றில் குளிர் காற்று அடித்தது. தீவுகள் ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு கொடி, நெருப்புப் பிடித்ததுபோல நாலைந்து மரங்கள். பிறகு அந்தக் கோட்டை வந்தது. இது மெய்யான கோட்டை. கூரான கோபுரங்கள், கல் வளைவு. கிட்டப் போனபோது யன்னல்கள் சிலவற்றில் கண்ணாடியே இல்லை என்று தெரிந்தது. ஒலிபெருக்கியில் கதை சொன்னார்கள். ஹோட்டல் வைத்திருந்த ஒரு பணக்காரர் தன் மனைவிக்காகக் கட்டினாராம். முடியுமுன்னே மனைவி இறந்துவிட்டாள். வேலையை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தார், அதன்பின் இந்தத் தீவில் கால் வைக்கவேயில்லை. முந்நூறு தொழிலாளிகள் கருவிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். படகிலிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். நாகேஸ்வரிக்குக் கண் கலங்கியது.

மச்சாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்தார். “எத்தினை தந்தி நான் அடிச்சிருப்பன், எத்தினை வாங்கியிருப்பன்,” என்றார். “ஒரு தந்தியில முந்நூறு பேருக்கு வேலை போயிருக்கு. பின்னேரம் அவங்கள் என்னத்தைத் திண்டவங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைப் பாத்தியே.”

தீவில் அமெரிக்க அதிகாரியின் சின்ன அலுவலகம் தெரிந்தது. வேறொரு படகு அங்கே ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் படகு சுற்றித் திரும்பியது. இறங்க முடியவில்லையே என்று நான் முணுமுணுத்தேன். “பாக்க வந்தம், பாத்தம்,” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது எங்கள் கட்டடத்தின் மேல் மாடிகளில் வெயில் இன்னும் இருந்தது. என் கணவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. முன்பென்றால் இரண்டாம் நாளே நான் போய்க் கெஞ்சியிருப்பேன். ஐந்தாம் நாள் அவராக, “சோறு இருக்கோ?” என்று கேட்டார். இருந்தது. சில மாதம் கழித்து, சிநேகிதர்களோடு ஒட்டாவா போக அக்காவிடம் வரைபடம் கேட்டார். மச்சாள் பென்சிலால் கோடு கீறி, விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடு என்று எழுதிக் கொடுத்தார். அவர்கள் ஒன்பதுக்குத்தான் புறப்பட்டார்கள்.

1988 வசந்தத்தில் மச்சாளுக்கு மார்க்கம் என்ற ஊரில் ஒரு கொம்பனியின் தபால் பகுதியில் வேலை கிடைத்தது. அதே மாதம் தனக்கென்று ஒரு அறையுள்ள அப்பார்ட்மென்ற் எடுத்தார், எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி. தனியே இருக்கும் பெண்ணைப்பற்றிச் சனம் என்ன கதைக்கும் என்று என் கணவர் ஒரு கிழமை வாதாடினார். “கதைக்கட்டும். பிறகு களைச்சுப்போய் விடுவினம்,” என்று சொல்லி மச்சாள் பெட்டிகளைக் கட்டினார். கடைசியில் அந்தப் பெட்டிகளைத் தூக்கி வைத்தவரும் என் கணவர்தான். முறுமுறுத்துக்கொண்டே தூக்கினார்.

அந்த ஒக்ரோபரில் நாங்கள் எட்டுப் பெண்கள், இரண்டு கார். இரண்டாவது காரை நான் ஓட்டினேன். அந்த வருடம்தான் எனக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. கொலிங்வூட்டுக்குப் பக்கத்திலிருக்கும் புளூ மவுண்டன் என்ற மலைக்குப் புறப்பட்டோம். எல்லாம் கொப்பிப்படியே நடந்தது, வானத்தைத் தவிர. மலையடிவாரத்துக்குப் போனபோது மலையை அரைவாசிக்கு மேல் வெள்ளைப் பனிப்புகார் மூடியிருந்தது. மழை தூறியது. முதல் நாள் காற்றில் இலை நிறையக் கொட்டியிருந்தது. புதிதாக வந்த இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். இவ்வளவு தூரம் வந்து ஒன்றையும் காணவில்லையே என்றாள் ஒருத்தி. திரும்பிப் போவோம் என்றாள் மற்றவள்.

“மலை எங்கயும் போகேல்லை,” என்றார் மச்சாள். “மூடியிருக்கு. நான் ஏறப்போறன்.”

பாதை வழுக்கியது. சப்பாத்துக்கு மேல் பிளாஸ்ரிக் பை கட்டிக்கொண்டு, குடையோடு அவர் முன்னால் நடந்தார். புனிதவதி பின்னால், அவளுக்குப் பின்னால் நான். நாகேஸ்வரி மூச்சு வாங்கத் திட்டிக்கொண்டே வந்தாள். முணுமுணுத்த இருவரும் கொஞ்ச நேரம் காருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, தனியே நிற்கப் பிடிக்காமல் ஏறி வந்தார்கள். முக்கால் மணி நேரம் ஏறியபின் ஒரு மேட்டில் நின்றோம். கீழே பெரிய ஏரி இருக்க வேண்டும். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எங்கள் மூச்சு புகைபோலப் போனது.

“இப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டேன்.

“சாப்பிடுறது,” என்றார் மச்சாள். “ஒரு மணியாச்சு.”

குடைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எட்டுப் பேரும் நின்றபடியே சாப்பிட்டோம்.